ஏழாம் கட்டிலில் இரண்டு எண்கள்

அத்தியாயம் 9

ஏலவார்குழலிக்கு வாய் நீளம் என்று மேட்ரன் அன்னம்மாள் சிவப்பு மையில் எழுதி வைத்து இன்றோடு ஆறு நாள்.

போன வாரம் படித்தவர்களுக்கு ஏன் என்று தெரியும். படிக்காதவர்களுக்கு இரண்டே வரி. சலைன் பாட்டில் தீர்ந்துபோய்க் குழாயில் காற்று ஏறுகிறது என்று ஒரு டாக்டரிடம் நாலு பேர் எதிரில் சத்தமாகச் சொல்லிவிட்டாள். நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை, டாக்டருக்குத்தான் முகம் சுண்டிப் போயிற்று.

"இன்னொரு புகார் வந்தா, தொப்பியைக் கழட்டிக் குடுத்துட்டுப் பெட்டியைக் கட்டிக்கோ" என்று மேட்ரன் சொல்லிவிட்டாள். மூன்று வருஷ நர்ஸ் படிப்பில் குழலிக்கு இன்னும் நாலே மாதம் பாக்கி.

இதற்கு நடுவில்தான் பெரிய டாக்டருக்கு ஒரு யோசனை உதித்தது. எல்லோரும் சீஃப் என்று கூப்பிடும் அவர் திருநெல்வேலிக்காரர், காஞ்சிபுரத்துக்கு மாற்றலாகி வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மருத்துவக் கல்லூரியிலிருந்து மூன்று மாதப் பயிற்சிக்கு வந்த பையன்களையும், இங்கே நர்ஸ் படிக்கும் பெண்களையும் ஜோடி சேர்த்துவிட்டார். ஒரு ஜோடிக்கு மூன்று கட்டில். நோயாளியின் தாளுக்கு அடியில் இரண்டு கோடு. ஒன்றில் டாக்டர் மாணவன் கையெழுத்து, மற்றதில் நர்ஸ் மாணவி கையெழுத்து. "நாளைக்குச் சேர்ந்து வேலை பார்க்கப் போறவங்க, இன்னைக்கே பழகுங்க" என்றார்.

நல்ல எண்ணம்தான். ஆனால் இரண்டு வாரமாக அந்த இரண்டாவது கோடு எல்லாத் தாளிலும் காலியாகவே கிடந்தது. பையன்கள் தங்கள் கையெழுத்தைப் போட்டு மூடி வைத்துவிடுவார்கள். பெண்கள் பக்கம் தாளைத் திருப்ப வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

சீட்டுக் குலுக்கிப் போட்டதில் குழலிக்கு விழுந்த பெயர் வீ. தணிகாசலம். கூடப் பிறந்த தம்பி!

அந்த வார்டில் அது ஒருவருக்கும் தெரியாது. முதல் நாளே அவன் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்டுக்கொண்டான். "அக்கா, அங்க நீ எனக்கு அக்கான்னு சொல்லிக்காதேக்கா. மெட்ராஸ் பசங்க ஓட்டுவானுங்க. நர்ஸம்மா தம்பின்னு பேரு வெச்சிடுவானுங்க."

"சரிடா" என்று சிரித்தாள். அன்று ராத்திரி ஹாஸ்டலில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை என்பதை அவனிடம் யார் போய்ச் சொல்வது?

இனி இன்றைய கதை.

காலை ஆறு மணி. ஏழாம் கட்டிலில் முந்தின நாள் மாலை சேர்ந்த கலியன், பட்டுக்குச் சாயம் போடுகிறவர். ஜுரம், இருமல். குழலிக்கு அவரைக் குழந்தையிலிருந்து தெரியும். ஓரிக்கையில் அவள் அப்பா வீரபாகுவின் தறிக்கு வரும் பட்டெல்லாம் கலியனின் அண்டாவில் முங்கி எழுந்து வருவதுதான். வெந்நீர்த் துணியால் அவர் காலைத் துடைத்தபோது அவள் கை ஒரு கணம் நின்றது. கால் நகம் நீலமாக இருந்தது.

மூச்சை எண்ணினாள். அதற்கு ஒரு வழி இருக்கிறது. எண்ணுகிறோம் என்று தெரிந்தால் நோயாளி மூச்சை மாற்றிவிடுவார். அதனால் நாடி பார்ப்பதுபோல் கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மார்பின்மேல் வைக்க வேண்டும். அவளுக்கு வாட்ச் கிடையாது. எதிர்ச் சுவர்க் கடிகாரத்தில் விநாடி முள் ஒரு சுற்று முடியும்வரை அசையாமல் நின்றாள். நாற்பத்தி நாலு. சாதாரண மனிதனுக்கு இருப்பதைப்போல் இரண்டு பங்கு. நர்ஸ்கள் மட்டும் பார்க்கும் தனித் தாளில் எழுதிக் கட்டிலின் கால்மாட்டில் மாட்டினாள்.

எட்டு மணிக்கு சீஃப் வந்தார், பின்னால் பத்துப் பையன்கள். அந்தப் பத்தில் தணிகாசலத்துக்கு மட்டும் ஏழாம் கட்டில் நெருப்பாகச் சுட்டது. கலியன் கண்ணைத் திறந்து, "என்னப்பா, அக்காவும் தம்பியும் ஒரே இடத்துலயா?" என்று கேட்டுவிட்டால்? அந்தப் பயத்தில் காலையிலிருந்து அவன் அந்தக் கட்டில் பக்கமே போகவில்லை. தூர நின்றே தாளை நிரப்பிவிட்டான்.

சீஃப் கலியனின் கையைத் தூக்கிப் பார்த்தார். "என்னப்பா இது, நகமெல்லாம் நீலமா இருக்கு?"

"சாயம் சார்!" தணிகாசலம் முந்திக்கொண்டான். "பட்டுக்குச் சாயம் போடறவரு. எங்க ஊர்ல சாயக்காரங்க கை எல்லாம் இப்படித்தான் சார் இருக்கும்."

பையன்கள் சிரித்தார்கள். சீஃப்பும் சிரித்தார். "பார்த்தீங்களா, உள்ளூர்க்காரன் ஒருத்தன் கூட இருந்தா எவ்வளவு சௌகரியம்! நான் ஆக்சிஜன் கொண்டாங்கன்னு கத்தியிருப்பேன். சபாஷ். மூச்சு எவ்வளவு?"

"இருபது சார்."

மாணவர்கள் எழுதும் தாளில் அந்த வார்டில் இருந்த முப்பது பேருமே நிமிஷத்துக்கு இருபது தடவைதான் மூச்சு விடுவார்கள். ஜுரமோ, ஆஸ்துமாவோ, அது பொருட்டே இல்லை.

சீஃப் ஸ்டெதாஸ்கோப்பைக் காதில் வைக்கப் போன நேரம், ஆபரேஷன் தியேட்டரிலிருந்து ஆள் ஓடி வந்தான். குடல்வால் வெடித்துவிட்ட கேஸ். "இவர் மார்பைச் சாயங்காலம் பார்க்கிறேன்" என்று சொல்லிக்கொண்டே சீஃப் கிளம்பிவிட்டார்.

குழலி கட்டிலின் கால்மாட்டில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். கேட்காமல் நர்ஸ் மாணவி பேசக் கூடாது. அவளை யாரும் கேட்கவில்லை. சிவப்பு மை கண்ணுக்குள் வந்தது. வாயைத் திறக்கவில்லை. போன வாரம் அவ்வளவு நீளமாக இருந்த வாய் இன்றைக்குத்தானா சுருங்க வேண்டும்!

தாழ்வாரத்தில் அவனை மடக்கினாள். "தணிகா, மூச்சு நாப்பத்தி நாலு இருக்குது."

"இங்க அப்படிக் கூப்பிடாதீங்க நர்ஸ்."

அந்த 'நீங்க' அவளைக் கன்னத்தில் அறைந்தமாதிரி இருந்தது. துடைத்துப் போட்டுவிட்டுப் பேசினாள். "நம்ம வூட்டுத் தறியில இப்ப இன்னா கலரு ஓடுது, சொல்லு பாக்கலாம்."

அவன் விழித்தான். தினம் அந்தத் தறியைத் தாண்டித்தான் சைக்கிளை எடுக்கிறான்.

"அரக்குடா. தை முகூர்த்தத்துக்கு ஊரே அரக்கு கேக்குதுன்னு ஒரு மாசமா கலியன் மாமா வேற கலரே தொடல. அரக்கு போட்டவரு கையில நீலம் எங்கேர்ந்து வந்திச்சி? கால் நகமும் நீலமா இருக்குது. காலாலயா சாயம் போடறாரு?"

தணிகாசலத்தின் முகம் மாறியது. ஆனால் வாய் மாறவில்லை. "பழைய சாயமா இருக்கும். அதான் சாயங்காலம் பாக்கறேன்னு சொல்லிட்டாரே. இப்ப தியேட்டர் வாசல்ல போய் நின்னுக்கினு, நான் சொன்னது தப்பு சார்னு சொல்லச் சொல்றியா? பத்துப் பேர் எதிர்ல சபாஷ் சொன்னாருக்கா!"

"நீ எண்ணினியா?"

"நான் இன்னும் நாஸ்டா சாப்பிடல" என்று சொல்லிவிட்டுக் கேன்டீன் பக்கம் போய்விட்டான்.

குழலி திரும்பி வந்தாள். கலியனுக்கு வெற்றிலை போட்டுப் போட்டு உதடெல்லாம் காவியேறிக் கிடந்தது. அந்தச் சிவப்பில் யாருக்கும் ஒன்றும் தெரியாது. பஞ்சை நனைத்து வாயைத் துடைத்தாள். சிவப்பு போன பிறகு உள்ளே நாக்கு நாவற்பழம் தின்றமாதிரி இருந்தது.

ஹெட் நர்ஸ் தியேட்டரில். வார்டில் டாக்டர் என்று ஒருவரும் இல்லை. டாக்டர் எழுதாமல் நர்ஸ் ஆக்சிஜன் வைக்கக் கூடாது. நர்ஸுக்குப் படிக்கிறவள் தொடவே கூடாது.

தலையணை இரண்டை முதுகுக்குக் கொடுத்து அவரை நிமிர்த்தி உட்கார வைத்தாள். மூலையிலிருந்த சிலிண்டரைத் தரதரவென்று இழுத்து வந்தாள். மூக்கில் குழாயை வைத்துத் திருகைத் திறந்தாள்.

தணிகாசலத்துக்கு இட்லி தொண்டையில் நின்றிருக்க வேண்டும். பாதியில் எழுந்து வந்தவன், சிலிண்டரைப் பார்த்து வெலவெலத்துப் போனான். "இன்னாக்கா பண்ணிட்ட? உன்னை அனுப்பிடுவாங்க!"

"அது அப்பால. நீ எண்ணு."

இந்தத் தடவை எண்ணினான். முழுசாக ஒரு நிமிஷம். நாற்பத்தி ஆறு. போர்வையை விலக்கிக் கால் நகத்தைப் பார்த்தான். பிறகு தியேட்டருக்கு ஓடினான். ஓடினான் என்பதை நாம் மறைக்க வேண்டாம். அந்த ஓட்டத்துக்கு உண்டான நல்ல பெயரை அவனுக்குக் கொடுத்துவிடுவோம்.

சீஃப் வந்து மார்பில் வைத்துக் கேட்டார். "நிமோனியா. வலப்பக்கம் அடியில காத்தே போகலை. பெனிசிலின் போடுங்க, சீக்கிரம்." மத்தியானத்துக்குள் கலியனின் நகத்தில் நீலம் வெளிறத் தொடங்கியது.

"சாயங்காலம் வரைக்கும் விட்டிருந்தா கட்டில்தான் மிஞ்சியிருக்கும்" என்றார் சீஃப். "ஆக்சிஜன் யார் வச்சது?"

"நான்தான் சார்."

"அது நல்லதாப் போச்சு, அதை நான் பார்த்துக்கறேன். ஆனா இது என்ன?" ஒரு கையில் குழலியின் தாள், ஆறு மணி, நாற்பத்தி நாலு. இன்னொரு கையில் தணிகாசலத்தின் தாள், எட்டு மணி, இருபது. "ஒரே ஆளு, ஒரே காலை. இதுல ஒண்ணு பொய். மூணு மணிக்கு மேட்ரன் ரூமுக்கு ரெண்டு பேரும் வாங்க."

இரண்டு எண்களில் எது பொய் என்று தீர்மானமாகிறதோ, அதை எழுதியவருக்குத் தண்டனை. இருபது பொய் என்றால் தணிகாசலத்துக்குப் படிப்பு ஆறு மாதம் பின்னே போய்விடும். நாற்பத்தி நாலு அப்புறமாகச் சேர்த்து எழுதியது என்றால், தாளைத் திருத்திய நர்ஸ் என்று குழலி வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

ஒரு மணிக்கு அவர்கள் அம்மா லோகாம்பாள் வந்தாள். தினமும் மகனுக்குச் சோறு கொண்டு வருவாள். வேப்பமரத்தைத் தாண்டி உள்ளே வரக் கூடாது என்று மகன் சொல்லி வைத்திருக்கிறான். தறியின் பட்டு நூல் ஒட்டிய புடவையோடு அம்மா வார்டில் நிற்பதை மெட்ராஸ் பையன்கள் பார்க்க வேண்டாமாம். அவளும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. இன்று தணிகாசலம் சாப்பிட்டபடியே எல்லாவற்றையும் கொட்டியிருந்தான். அவன் போனதும் அவள் குழலியைக் கூப்பிட்டு அனுப்பினாள்.

"அந்த நெம்பரை அப்பாலதான் எழுதினேன்னு சொல்லிடும்மா" என்றாள் நேராக.

"பொய் சொல்லச் சொல்றியா?"

"அவன் தவறினா ஆறு மாசம் போவுதாம். உங்கப்பா தெருவுல தலை காட்ட முடியுமா? அந்தத் தெருவே அவனை இப்பவே டாக்டருன்னு கூப்பிட்டுக்கினு இருக்குது."

"என்னை இன்னான்னும்மா கூப்பிடுது அந்தத் தெரு?"

லோகாம்பாள் கேரியரின் மூடியை அழுத்தி அழுத்தி மூடினாள்.

"அப்படிச் சொன்னா என்னை வூட்டுக்கு அனுப்பிடுவாங்கம்மா."

"வூட்டுக்குத்தானே வரப் போற. வேற எங்கயாவது போறியா?"

அம்மா கெட்டவள் இல்லை. அதுதான் குழலிக்கு அழுகையாக வந்தது. எஸ்.எஸ்.எல்.சி. முடித்து மூன்று வருஷம் அம்மாவுக்குப் பக்கத்தில் அதே தறியில் உட்கார்ந்தவள் அவள். அங்கிருந்து எழுந்து வந்து இந்தத் தொப்பியை வாங்க அவள் பட்ட பாடு அம்மாவுக்குத் தெரியாததா? தெரிந்துதான் கேட்கிறாள். குழலி உள்ளே போய்விட்டாள்.

மூன்று மணி. மேட்ரன் அன்னம்மாளின் மேஜையில் இரண்டு தாளும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன.

"நீ எப்ப எழுதினே இதை?" சீஃப் குழலியைக் கேட்டார்.

"ஆறு மணிக்கு சார். ஒரு நிமிஷம் முழுசா எண்ணித்தான் எழுதினேன்."

"அப்ப ரவுண்டுல ஏன் சொல்லலை?"

"என்னைக் கேக்கல சார்."

"கேட்டாத்தான் சொல்லுவியா? அந்த ஆளு போயிருந்தா?"

குழலி தலை குனிந்தாள். இது அவளுக்கு நியாயமாகவே பட்டது. "அது என் தப்புதான் சார். பயந்துட்டேன்."

"தப்பு எனக்கும் இருக்கு. காதை வைக்காமப் போனேன்." சீஃப் திரும்பினார். "தணிகாசலம், நீ சொல்லு. இருபது?"

தணிகாசலம் அக்காவைப் பார்க்கவில்லை. "எட்டு மணிக்கு... இருபதுதான் சார் இருந்திச்சி."

சொல்லிவிட்டான்! கூடப் பிறந்தவன், அவள் இடுப்பில் தூக்கி வளர்த்தவன், சொல்லிவிட்டான்.

சீஃப் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "நாளைக்குக் காலை எட்டு மணி ரவுண்டுல, ஏழாம் கட்டில் பக்கத்துல முடிவு சொல்றேன். அதுக்குள்ள யாருக்காவது ஞாபகம் திரும்பினா வந்து சொல்லலாம்."

மேட்ரன் கையை நீட்டினாள். குழலி தலையில் குத்தியிருந்த ஊசி இரண்டையும் உருவித் தொப்பியைக் கொடுத்தாள். அது அலமாரிக்குள் போனது, சாவி திரும்பியது. "அதுவரைக்கும் துணி ரூம்ல போர்வை மடி. வார்டுல வேலை வேண்டாம்."

நாலு மணிக்குப் பார்வையாளர் நேரம். கலியனின் மனைவி பூவம்மாள் வந்தாள். தணிகாசலத்தைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ ஓடிப்போய் டாக்டரை இட்டாந்தியாமேப்பா. உங்கக்கா அவரை நிமித்தி உக்கார வெச்சி மூக்குல காத்து குடுத்துக்கினு இருந்தாளாம். பக்கத்துக் கட்டில்காரரு சொன்னாரு. அக்காவும் தம்பியும் ஒண்ணா நின்னு என் தாலியைக் காப்பாத்தினீங்க. இதுக்கு நான் இன்னா செய்யப் போறேன்?"

அவன் பயந்தபடியே ஆயிற்று. அக்காவும் தம்பியும் என்று வார்டு முழுக்கக் கேட்டது. ஆனால் அவனுக்கு வெட்கம் வந்த இடம் வேறு.

கலியன் கண்ணைத் திறந்தார். குரல் மெல்ல வந்தது. "உங்கப்பாகிட்ட சொல்லு தம்பி. அரக்கு இன்னும் கொடியில காயுது. நாலு நாள் பொறுத்துக்கச் சொல்லு."

தணிகாசலம் அந்தக் கையைப் பார்த்தான். விரல் இடுக்கெல்லாம் அரக்குச் சிவப்பு. காலையில் கிட்டே வந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். உள்ளூர்க்காரன்!

ஐந்தரை மணிக்கு, மடித்த போர்வைகளைச் சுமந்துகொண்டு குழலி வார்டுக்குள் வந்தாள். தொப்பி இல்லாத தலையை எல்லோரும் பார்ப்பது தெரிந்தது. தணிகாசலம் ஏழாம் கட்டிலருகில், மேட்ரன் ரூமிலிருந்து திரும்பி வந்த தன் தாளும் பேனாவுமாக நின்றிருந்தான். மேஜை ஓரத்தில் மெட்ராஸ் பையன்கள் இரண்டு பேர்.

"அக்கா, இங்க வா" என்றான். சத்தமாக.

ஒரு பையன் தலையைத் தூக்கினான். "என்னடா, நிஜமாவே அக்காவா?"

"ஆமாம்பா. எங்க அக்கா. கூடப் பொறந்தவ." சொல்லிவிட்டுத் தாளை அவள் பக்கம் திருப்பினான்.

இருபதுக்கு மேல் ஒரே ஒரு கோடு. அழிக்கவில்லை. பக்கத்தில் அவன் கையெழுத்தில்: எண்ணாமல் எழுதியது, வீ. தணிகாசலம். அதற்குக் கீழே புதிதாக ஒரு வரி, மாலை ஐந்தரை, மூச்சு முப்பது. முதல் கோட்டில் அவன் கையெழுத்து. இரண்டாவது கோடு காலி.

"நாளைக்கு எட்டு மணிக்கு இதை நானே சீஃப் கையில குடுக்கறேன். நீ இதுல கையெழுத்துப் போடுக்கா."

குழலிக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொள்ளக் கையில் இடமில்லை. போர்வைகளைக் கீழே வைத்தாள். பேனாவை மட்டும் வாங்கவில்லை.

"மாட்டேன்."

"அக்கா, கோவமா இருக்கியா?"

"கோவம் இருக்குது. அது வூட்டுக்கு வந்து பேசிக்கலாம். இந்த முப்பதை நான் எண்ணலடா. எண்ணாம கையெழுத்துப் போட்டுத்தானே இவ்ளோ பேஜாரு. வாட்ச்சைக் கழட்டு. நீ நேரம் பாரு, நான் எண்ணறேன்."

அவன் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டான். அவள் நாடி பார்ப்பதுபோல் கலியனின் கையைப் பிடித்தாள். கண் மார்பின்மேல் போனது. வாட்சில் விநாடி முள் ஒரு சுற்று வந்தது.

"ஆச்சி" என்றான்.

"முப்பத்தி ரெண்டு."

முப்பதின்மேல் ஒரு கோடு போட்டு முப்பத்தி ரெண்டு என்று எழுதினான். அப்புறம்தான் அவள் பேனாவை வாங்கி, இரண்டாவது கோட்டில் வீ. ஏலவார்குழலி என்று முழுசாக எழுதினாள்.

ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் லோகாம்பாள் நின்றிருந்தாள். மகளின் பெட்டியைத் தூக்க வேண்டி வருமோ என்று திரும்ப வந்திருக்கிறாள்போல. கேரியர் இல்லை, வெறுங்கை. மகளைப் பார்த்தாள். தொப்பி இல்லாத தலையைப் பார்த்தாள். தான் கேட்டதை மகள் செய்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டாள் என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. நிம்மதியும் அழுகையும் சேர்ந்து வந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

தணிகாசலம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டான். "அம்மா! ஏன் அங்கயே நிக்கற? உள்ள வா!"

லோகாம்பாள் பின்னால் திரும்பிப் பார்த்தாள், வேறு யாரையோ கூப்பிடுகிறான் என்று. பிறகு புடவையில் ஒட்டியிருந்த பட்டு நூலை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுவிட்டு, முதல் தடவையாக அந்த வாசற்படியில் கால் வைத்தாள்.